ஆறு, குளம், அங்கே முளைக்கிற செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளம் தூர்வாரப் போகிறோம், ஆற்றங்கரையில் மரம் நடப் போகிறோம், ஆகாயத்தாமரை அள்ளப் போகிறோம் என்று கிளம்புகிற இளைஞர் குழுக்களும் ஊராட்சிக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. தாமிரபரணியையும் அதன் பாசனக் குளங்களையும் மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். செடிப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் பக்கத்துப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

குளத்தைக் காப்பது என்றால் தண்ணீரைக் காப்பதுதானே, செடியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

தண்ணீரை மட்டும் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் சிமென்ட் தொட்டி போதும். குளம் வேறு. கரையோரம் நிற்கிற சம்பும் கோரையும்தான் அலை அடித்து மண் கரையாமல் பிடித்து வைக்கின்றன. அவற்றின் வேர் சேற்றுக்குள் காற்றைக் கொண்டுபோகிறது, அந்த வேரைச் சுற்றி வாழ்கிற நுண்ணுயிர்கள் வயல் உரமும் சாக்கடையும் கொண்டுவந்து சேர்க்கிற சத்தைச் சிதைத்துத் தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. விரால் மீன் செடி அடர்ந்த ஓரமாகப் பார்த்துத்தான் முட்டையிடும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே காவல் திரியும். தாமரை இலைக்கோழி மிதக்கிற இலையின் மேலேயே முட்டை வைக்கும். நீலத்தாழைக்கோழிக்குச் சம்புப் புதர் இல்லாவிட்டால் வீடே கிடையாது. செடியை எடுத்துவிட்டால் இவ்வளவும் போய்விடும். தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும், அதனால் நமக்கு இழப்பு தெரியாது.

செடி மண்டினால் கொசு வருமே, பாம்பு வருமே?

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. மான்சோனியா என்று ஒரு வகைக் கொசு உண்டு, யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது. அதன் புழு மற்றக் கொசுப் புழுக்கள் மாதிரி மேலே வந்து மூச்சு விடாது, மிதக்கும் செடியின் வேரில் தன் மூச்சுக்குழலைக் குத்தி அதிலிருந்து காற்றை எடுத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரையின் வேர்க்கற்றை அதற்கு நல்ல இடம். ஆனால் அல்லியும் கோரையும் நிற்கிற, சாக்கடை கலக்காத குளத்தில் தட்டான்களின் இளம்புழுக்களும் சிறு மீன்களும் கொசுப் புழுவைத் தின்று தீர்த்துவிடும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கோ குளமே தேவையில்லை, மொட்டை மாடித் தொட்டியும் பழைய டயரும் போதும். பாம்பு இருக்கும்தான், குளத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு. புதரில் விஷப்பாம்பும் இருக்கலாம் என்பதால் இறங்கி வேலை செய்கிறவர்கள் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

தூர்வாருவது நல்லதுதானே?

செய்கிற விதத்தில் செய்தால் நல்லது. இப்போது பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், இரண்டு பொக்லைன் இறங்கும், குளம் முழுக்க ஒரே ஆழத்துக்கு வழித்து எடுக்கும், வரத்துக் கால்வாய் அடைபட்டுக் கிடப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள், ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் படம் எடுத்துப் போடுவார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் பளபளவென்று நிற்கும். உள்ளே உயிர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

கோடையில் வற்றி வெடித்துக் கிடக்கிற குளத்தில் ஒரு மண்வெட்டி வெட்டிப் புரட்டிப் பாருங்கள். மேலே வெறும் காய்ந்த சேறு மாதிரிதான் தெரியும். உள்ளே கொட்டிக்கிழங்கு இருக்கும், சின்னதாக, மண் அப்பி, கல் என்று தூக்கிப் போட்டுவிடுகிற மாதிரி. அல்லிக் கிழங்கு இருக்கும். கோரையின் கறுத்த கிழங்கு முடிச்சுகள் இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாத சின்ன விதைகள் எக்கச்சக்கமாக இருக்கும். நம் குளத்துச் செடிகள் வருஷத்தில் பாதி நாள் வறட்சியைப் பார்த்துப் பழகியவை, தண்ணீர் போனதும் மேல்மண்ணுக்குள் ஒடுங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பெரும்பாலானவை ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குள்தான். பொக்லைன் முதலில் அள்ளி லாரியில் ஏற்றுவது அந்த ஒன்றரைச் சாணைத்தான். வயலுக்குப் போகிற வண்டலோடு குளத்தின் விதைநெல்லே போய்விடுகிறது.

ஆழம் இன்னொரு விஷயம். கோரையும் நீர்முள்ளியும் கால் நனைகிற ஈரத்தில் நிற்கும், சம்பு முழங்கால் தண்ணீரில் நிற்கும், அல்லியும் தாமரையும் அதற்கும் உள்ளே போகும். கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்குகிற தரை இருந்தால்தான் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். உள்ளான், கொக்கு, நாரை எல்லாம் இரை பொறுக்குவதும் அந்த ஓரத் தண்ணீரில்தான், ஆழத்தில் அவற்றுக்குக் கால் எட்டாது.

அதனால் என்னைக் கேட்டால், முதலில் வரத்துக் கால்வாய், பிறகு மடை, மறுகால் (மிஞ்சின தண்ணீர் வெளியேறும் வழி), அப்புறம்தான் குளத்தின் உள்ளே. உள்ளேயும் முழுக்கத் தோண்டாதீர்கள், கால் பங்காவது கை வைக்காமல் விடுங்கள், அதுவும் செடி நன்றாக வந்துகொண்டிருந்த பக்கத்தை. தோண்டுகிற இடத்தில் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் சரிவான ஓரத்தில் திரும்பப் பரப்புங்கள். கூடுதலாகக் கொஞ்சம் டீசல் செலவாகும், அவ்வளவுதான், ஆனால் முதல் மழைக்கே வித்தியாசம் தெரியும். அடியில் இருக்கிற களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் தண்ணீர் நிற்காது என்பதை ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள், நீர்பாய்ச்சியாக (மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பகிர்கிறவராக) இருந்தவர் யாராவது ஊரில் இருந்தால் அவரைக் கூட வைத்துக்கொண்டு ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

ஏரி, குளமெல்லாம் மனுஷன் வெட்டியதுதானே, அதைப் போய் இயற்கை என்று எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை பாசனத்துக்காக முன்னோர் கட்டியவை. நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீர் ஏறி இறங்கி, அங்கே செடியும் பறவையும் நிலைத்துவிட்டன. வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரிதான், நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளமும் குளம்தான், இரண்டுமே இன்றைக்கு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. யார் வெட்டினார்கள் என்பது பறவைக்குத் தேவையில்லாத கேள்வி.

எது நம் செடி, எது வெளியிலிருந்து வந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இது, நல்ல மனதோடு இறங்கி நல்ல செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். நான்கைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும்.

ஆகாயத்தாமரை, சில ஊர்களில் வெங்காயத்தாமரை. இலைக்காம்பு பஞ்சு போல ஊதியிருக்கும், பூ இளம் ஊதா, ஒரு இதழில் மட்டும் மயில்கண் மாதிரி மஞ்சள் பொட்டு. அமேசான் பக்கத்துச் செடி.

நெய்வேலிக் காட்டாமணக்கு. கரையோரம் ஆள் உயரப் புதராக, பூவரசு இலை மாதிரி இலை, ஊதாப்புனல் பூ. ஒடித்துப் போட்ட தண்டெல்லாம் வேர் விடும். ஆடுமாடு வாய் வைக்காது, விஷம்.

சீமைக்கருவேலத்தை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் அதை வெட்டப் போய் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிட்டு வந்த கதை பல ஊரில் உண்டு. நாட்டுக் கருவேலத்தில் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும், காய் விதைக்கு விதை இடுங்கிக் கோத்த மணி போல இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிறிய மஞ்சளில் வால் போலத் தொங்கும், காய் இப்படி இடுங்காது. நாட்டுக் கருவேலம் குளத்துக்குள் தண்ணீரில் நின்றாலும் சாகாது, நீர்ப்பறவைகள் கூடு கட்டுகிற மரம் அது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நான்காவதுதான் கள்ளன். பொன்னாங்கண்ணிக்கு உறவான, தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கொடி, பார்க்க அச்சு அசல் கீரை மாதிரியே இருக்கும். நம் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப்பூ காம்பே இல்லாமல் இலைக்கணுவில் ஒட்டியிருக்கும், இந்தக் கொடியின் பூ விரல் நீளக் காம்பில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். தண்டை ஒடித்தால் உள்ளே குழல். ஒரு கணு மட்டும் தண்ணீரில் போனாலும் அடுத்த ஊர் மடையில் போய் முளைத்துவிடும், ஆகவே பிடுங்கினால் துண்டு துண்டாக உதறாமல் சாக்கில் கட்டி எடுத்துப் போங்கள்.

ஆகாயத்தாமரையை எத்தனை தடவை அள்ளினாலும் வருகிறதே?

வரத்தான் செய்யும், அதற்குச் சோறு போடுகிறவர்கள் நாம். பாபநாசம் பக்கம் கல்லும் மணலுமாக ஓடுகிற தாமிரபரணியில் இது தலைகாட்டாது. ஊர்ச் சாக்கடை கலந்து, தண்ணீர் வேகம் குறைந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தேங்குகிற இடத்தில் பச்சைப்பாய் விரித்துவிடும். ஓடாத நீரும் சத்தும் சேர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே இருந்தது இரட்டிப்பாகும். பூ வாடினதும் பூத்தண்டு வளைந்து தண்ணீருக்குள் போய் விதையைக் கொட்டும், அந்த விதை சேற்றில் பதினைந்து இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும். எனவே பூக்கும் முன்னால் எடுக்க வேண்டும், எடுத்ததைக் கரை ஓரத்திலேயே குவிக்கக் கூடாது (அடுத்த மழை திருப்பித் தள்ளிவிடும்), தண்ணீர் குறைவான சித்திரை வைகாசியில் செய்தால் ஆள் செலவு குறையும். செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், மேட்டில் காயவிட்டால் சுருங்கிவிடும், சாணத்தோடு சேர்த்து மட்க வைக்கலாம். ஆலைக் கழிவு கலக்கிற தண்ணீரில் எடுத்ததை உரமாக்கவோ மாட்டுக்குப் போடவோ வேண்டாம், உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

இதைத் தின்பதற்கென்றே நியோகெட்டினா என்ற கூன்வண்டு இருக்கிறது, அதே தென்னமெரிக்காவிலிருந்து ஆராய்ந்து கொண்டுவந்து 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் விட்டார்கள். உங்கள் குளத்து இலையில் மிளகு அளவுக்குச் சின்னச் சின்னச் சுரண்டல் வடு தெரிந்தால் அது அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். வண்டு மெல்லத்தான் வேலை செய்யும், வருஷக் கணக்காகும், சாக்கடை வந்துகொண்டே இருந்தால் செடி அதை முந்திவிடும். ஒட்டுமொத்தமாக அள்ளினால் வண்டும் சேர்ந்து போய்விடும் என்பதால் வடு உள்ள ஒரு மூலையை மட்டும் கயிறு கட்டி வைத்துக்கொள்வது நல்லது. சாக்கடை வாயை மூடாமல் அள்ளுகிற வேலை மட்டும் செய்தால் அது வருஷாந்தரக் குத்தகை மாதிரி ஆகிவிடும், யாருக்கோ பில் போட உதவும், குளத்துக்கு உதவாது.

களைக்கொல்லி அடித்தால் சீக்கிரம் முடியாதா?

வேண்டாம். செத்த செடி அத்தனையும் ஒரே நேரத்தில் அழுகித் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீன் மிதக்கும். அல்லிக்கும் கோரைக்கும் அந்த மருந்து பேதம் பார்க்காது. அதே தண்ணீரைத்தான் கீழே யாரோ குடிக்கிறார்கள்.

கரையில் என்ன மரம் நடலாம்?

ஆற்றங்கரை என்றால் முதலில் மருது. தாமிரபரணிக் கரையின் வெள்ளைத்தோல் மருதமரங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, வேர் கரையை அப்படியே கவ்விப் பிடித்திருக்கும், வெள்ளம் கழுத்தளவு வந்தாலும் நிற்கும். திருப்புடைமருதூரில் கோயிலும் மருதும் ஆறும் சேர்ந்தே இருக்கின்றன, ஊருக்குள்ளேயே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் காத்துவந்த அந்த இடம் 2005-இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மருதுக்கு அடுத்து நாவல், புங்கை, அத்தி, இலுப்பை. நீர் தேங்குகிற இடத்துக்கு நீர்க்கடம்பு, வேடந்தாங்கலில் பறவைகள் தங்குகிற மரம் அதுதான். சின்னதாக வேண்டுமென்றால் வெட்டிவேர், நாணல், தாழை.

தைலமரம் வேண்டாம். வேகமாக வளரும் என்று தூங்குமூஞ்சியையும் கொண்டுவர வேண்டாம். ஏரியின் மண்கரை மேலேயே பெரிய மரம் வைப்பதை நீர்வளத் துறைப் பொறியாளர்கள் ஒப்ப மாட்டார்கள், புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையும் பெயரும் என்பது அவர்கள் பயம், அதில் நியாயம் இருக்கிறது. கரை மேல் பனை, கரைக்கு வெளிச்சரிவின் அடியில் மற்ற மரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றின் நடுவே மணல் திட்டில் போய் மரம் நடுகிறார்கள், அது ஆற்றின் இடம், வெள்ளம் திசை மாறிக் கரையை அறுக்கும்.

மணல் அள்ளுவதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?

மணல் படுகை வெள்ளத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் கசியவிடும். படுகை இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளமானால் ஓரத்து நிலத்தடி நீரும் அந்தப் பள்ளத்துக்கு இறங்கிவிடும், கரையில் நிற்கிற மருதின் வேர் வறண்டு உச்சிக்கிளை காயத் தொடங்கும். நாணல் வேரோடு போன வெற்றுக் களிமண்ணில் முதலில் வந்து உட்கார்வது சீமைக்கருவேலம். காவேரி, பாலாறு, வைகை எதற்குப் போனாலும் இதே வரிசையைப் பார்க்கலாம்.

ஆற்றில் பழைய துணி விடுவதைப் பற்றிப் பேசினால் சாமி விஷயத்தில் தலையிடுவதாகச் சண்டைக்கு வருகிறார்களே?

பேசுகிற விதம்தான். பாபநாசத்தில் பரிகாரம் என்று விடுகிற துணி மருதவேரிலும் நாணல் தூரிலும் சுற்றிக்கொள்கிறது, இப்போது அதெல்லாம் பாலியஸ்டர், மட்காது, டன் கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆற்றைத் தாய் என்று கும்பிட வந்தவர்களிடம், குளித்துவிட்டுத் துணியைக் கரையில் வைத்திருக்கிற தொட்டியில் போடுங்கள், பரிகாரம் குளியலில் முடிந்துவிட்டது என்று அர்ச்சகரோ படித்துறைக் கடைக்காரரோ சொன்னால் கேட்கிறார்கள். நாம் பதாகை பிடித்துக் கத்தினால் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் போவது?

ராம்சர் ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில் கையெழுத்தானது, இந்தியா 1982-இல் சேர்ந்தது, தமிழ்நாட்டில் இப்போது 20 இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் ஊர்க் குளம் அதில் இருக்க வாய்ப்புக் குறைவு. இன்னொரு சங்கடமும் உண்டு: 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், ஆற்றுப் படுகையையும் பாசனத்துக்கென்றே கட்டிய குளங்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுக் குளங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். இது பெரிய ஓட்டை, மாற்றப்பட வேண்டியது என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007 தமிழ்நாட்டில் இருக்கிறது. அதற்கு முதல் படி எல்லை தெரிவது. குளத்தின் புல எண்ணை வைத்து அ-பதிவேடும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) புல வரைபடமும் எடுங்கள், வரத்துக் கால்வாய்க்கும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் முதலில் காணாமல் போவது கால்வாய்தான். பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு. கிராமசபையை விடாதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் இப்போது கிராமசபை கூடுகிறது, அன்றைக்கு "குளத்தில் கால் பங்கு தோண்டாமல் விட வேண்டும், சாக்கடையைத் திருப்ப வேண்டும்" என்று தீர்மானம் எழுத வைத்தால் அடுத்த டெண்டர் வரும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும். எதுவும் நகராவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

கோரை அறுப்பவர்களையும் கீரை பறிப்பவர்களையும் தடுக்க வேண்டாமா?

எதற்குத் தடுக்க வேண்டும்? அவர்களைப் போல அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பத்தமடைப் பாய்க்குத் தாமிரபரணிக் கரைக் கோரைதான் மூலம், அறுத்து, கீறி, நாள் கணக்கில் ஊறப்போட்டு நூலளவுக்கு மெல்லிசாக்கி நெய்கிறார்கள். கோரையை அறுத்தால் மறுபடி தழைக்கும், வேரோடு வாரினால்தான் போகும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த நெட்டி ஏரித் தண்ணீரில் வளர்கிற ஒரு செடியின் வெள்ளைத் தண்டு. குளம் போனால் செடி போகும், செடி போனால் கைத்தொழிலும் போகும். வல்லாரை, நீர்ப்பிரம்மி பறிக்கிற பாட்டிமார்களைத்தான் நான் முதல் கூட்டத்துக்கே கூப்பிடச் சொல்வேன். மருந்துக் கடைக்கு மூட்டை கட்டுவதற்காக வேரோடு வாருகிறவர்கள் வந்தால் மட்டும் நிறுத்திப் பேசுங்கள்.

வீட்டு மீன்தொட்டிச் செடியை, மீனைக் குளத்தில் விடலாமா?

கூடாது. தொட்டி சுத்தம் செய்கிற சக்கர் மீன் குளத்தில் முழங்கை நீளம் வளர்ந்து கரையைக் குடைகிறது. மீன்பாசி ஏலம் எடுப்பவர்களிடமும் சொல்லுங்கள், புல் கெண்டை விட்டால் அது நீருக்குள் மூழ்கி வளர்கிற நம் செடிகளைத்தான் முதலில் மேயும்.

நாட்டுச் செடிகளுக்கு நாற்று எங்கே வாங்குவது?

கூடியவரை வாங்க வேண்டாம். நர்சரியில் கிடைக்கிற அல்லி பெரும்பாலும் அழகுக்கு வளர்க்கிற கலப்பு ரகம். பக்கத்துக் குளத்தில் நன்றாக இருக்கிற அல்லி, கொட்டிக் கிழங்குகளை ஊராரிடம் சொல்லிவிட்டு ஒரு கூடை மட்டும் எடுங்கள், ஒரே இடத்தில் வாராமல் பரவலாக எடுங்கள், வந்து சேர்ந்த அன்றே ஓரத்துச் சேற்றில் ஊன்றிவிடுங்கள். மருதுக்கு மரத்தடியிலேயே ஐந்து சிறகுள்ள காய் விழுந்து கிடக்கும், கோடையில் பொறுக்கி, ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊற வைத்து மண்ணில் போட்டால் முளைக்கும். அடுத்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், இடுப்பளவு வளர்ந்த கன்றாகக் கொண்டுபோய் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு ஆடு கடிக்காமல் முள்வேலியும் வாரம் ஒரு குடம் தண்ணீரும் யார் பொறுப்பு என்று நடும்போதே பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.